சிஆர்பி 171-இலிருந்து 18 ஆகிவிட்டது, ஆனாலும் சிடி ஸ்கேன் வேண்டும் என்கிறார்கள். ஏன்?

மூத்தவள் | திங்கள், இரவு 9:52

அம்மாவுக்கு வயது 58. சினைப்பைப் புற்றுநோய், மூன்றாம் கட்டம். மூன்று சுற்று கீமோ முடிந்து போன வியாழக்கிழமை ஆபரேஷன் நடந்தது. கர்ப்பப்பை, இரண்டு சினைப்பைகள், குடலுக்கு முன்னால் திரை மாதிரித் தொங்கும் கொழுப்பு மடிப்பு, வலப்பக்க உதரவிதானத்தின் அடிப்பக்கம் படர்ந்திருந்த சவ்வு, எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். கட்டி மலக்குடலோடு ஒட்டியிருந்ததால் அங்கேயும் ஒரு துண்டு வெட்டி, இரண்டு முனைகளையும் ஸ்டேப்ளர் வைத்து இணைத்திருக்கிறார்கள். மொத்தம் எட்டு மணி நேரம்.

தினமும் காலையில் ரத்தம் எடுக்கிறார்கள். சிஆர்பி (உடம்பில் காயமோ தொற்றோ இருந்தால் ரத்தத்தில் ஏறுவது) வெள்ளி 118, சனி 204, ஞாயிறு 171. இன்று வந்த ரிப்போர்ட்டில் 18.2. வெள்ளணு எண்ணிக்கை 9,800. காய்ச்சல் இல்லை. இன்னும் வாயு பிரியவில்லை, அவ்வப்போது விக்கல் வருகிறது, நாடித்துடிப்பு 104, 108 என்று இருக்கிறது. இவ்வளவு நன்றாகக் குறைந்திருக்கும்போது டாக்டர் ரவுண்ட்ஸில் முகத்தைச் சுருக்கிக்கொண்டு "நாளைக் காலை சிடி எடுத்துவிடுவோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். காரணம் கேட்பதற்குள் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அம்மா ஏற்கெனவே சோர்ந்து கிடக்கிறார். மறுபடி ஒரு ஸ்கேன் அவசியம்தானா?

அவசரக்காரன் | திங்கள், இரவு 10:05

171-இலிருந்து 18 என்றால் கிட்டத்தட்ட நார்மல். வெள்ளணுவும் நார்மல். இதற்கு மேல் எதற்கு சிடி? சாயம் ஏற்றினால் கிட்னிக்கு வேறு தொந்தரவு. இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்று தைரியமாகச் சொல்லுங்கள்.

லேப்வாசி | திங்கள், இரவு 10:11

மூத்தவள், யாருக்கும் எதையும் சொல்வதற்கு முன் அந்த ரிப்போர்ட்டில் 18.2-க்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். லிட்டருக்கு மில்லிகிராமா, டெசிலிட்டருக்கு மில்லிகிராமா?

ஏன் கேட்கிறேன் என்றால் அந்த எண் எனக்கு நம்பும்படியாக இல்லை. சிஆர்பி கல்லீரலில் உருவாகும் ஒரு புரதம். ரத்தத்தில் அது பாதியாவதற்குச் சுமார் 19 மணி நேரம் ஆகும், எந்த நோயிலும் இந்த வேகம் பெரிதாக மாறாது. அம்மாவின் கல்லீரல் ஞாயிறு காலையோடு சிஆர்பி தயாரிப்பதை முழுக்க நிறுத்திவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்படி யாருக்கும் நிற்காது, ஒரு பேச்சுக்குத்தான். அப்போதும் 24 மணி நேரம் கழித்து 171-இல் 71 மிச்சம் இருந்தாக வேண்டும். ஒரே நாளில் 18-க்கு இறங்க உடம்பில் வழியே இல்லை.

மூத்தவள் | திங்கள், இரவு 10:24

பார்த்தேன். டெசிலிட்டர் என்று போட்டிருக்கிறது. பழைய மூன்று ரிப்போர்ட்டிலும் லிட்டர். இன்று காலை மெஷின் பழுது என்று ரத்தத்தை வெளி லேபுக்கு அனுப்பினார்களாம், அதனால்தான் ரிப்போர்ட் மாலையில் வந்தது. கை நடுங்குகிறது. அப்படியானால் உண்மையில் 182-ஆ?

லேப்வாசி | திங்கள், இரவு 10:27

ஆமாம், டெசிலிட்டர் என்பது லிட்டரில் பத்தில் ஒரு பங்கு, அதனால் பத்தால் பெருக்க வேண்டும். 182. உங்கள் டாக்டர் அதைப் பார்த்துத்தான் முகத்தைச் சுருக்கியிருப்பார். பயப்படாதீர்கள், அவர் எண்ணைச் சரியாகத்தான் படித்திருக்கிறார்.

இந்தக் குழப்பத்தை மாதத்துக்கு ஒருமுறையாவது பார்க்கிறேன். இரண்டு அலகுமே புழக்கத்தில் இருக்கின்றன. போதாததற்கு இதய நோய்க்காக எடுக்கும் ஹை சென்சிடிவிட்டி சிஆர்பி என்று ஒன்று உண்டு. அது மிகச் சிறிய அளவுகளை அளக்க. ஆபரேஷன் முடிந்தவருக்கு அதனால் ஒரு பயனும் கிடையாது.

அவசரக்காரன் | திங்கள், இரவு 10:31

மேலே நான் எழுதியதை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மன்னிக்கவும் சகோதரி. அழிக்காமல் விடுகிறேன், பின்னால் வருபவர்கள் பார்க்கட்டும்.

தையல்காரன் | திங்கள், இரவு 11:18

பெண்களுக்கான புற்றுநோய் அறுவை சிகிச்சைதான் என் வேலை. உங்கள் அம்மாவை நான் பார்க்கவில்லை, ஆகவே அவரைப் பற்றி எதையும் உறுதியாகச் சொல்ல மாட்டேன். உங்கள் டாக்டரின் தலைக்குள் என்ன ஓடுகிறது என்பதை மட்டும் சொல்லலாம்.

குடலை வெட்டி இணைத்தால் எங்கள் எல்லோருக்கும் இருக்கும் பயம் லீக். இணைத்த இடம் முழுதாகக் கூடாமல் சின்ன வாய் விட்டு, உள்ளே இருப்பது வயிற்றுக்குள் கசிவது. சினைப்பைப் புற்றுநோய் அறுவையில் இது அடிக்கடி வருவதல்ல, பெரும்பாலான ஆய்வுகளில் நூற்றுக்குப் பத்துக்கும் கீழேதான். ஆனால் வந்தால் கொடுமை. மறுபடி வயிற்றைத் திறக்க வேண்டி வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். பிழைத்து வந்தாலும் அடுத்த கீமோ வாரக்கணக்கில் தள்ளிப்போகும், அந்த இடைவெளியில் மிச்சமிருக்கும் நோய் சும்மா இருக்காது.

சிக்கல் என்னவென்றால், லீக் பெரும்பாலும் ஆறாம் நாள், எட்டாம் நாள் என்றுதான் வெளிப்படையாகத் தெரியும். நோயாளி கைகால் சில்லிட்டு, ரத்த அழுத்தம் விழுந்து, ரத்தத்தில் லாக்டேட் என்ற அமிலம் ஏறி வந்தால் படிக்கிற பையன்கூடக் கண்டுபிடித்துவிடுவான். அதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே மோப்பம் பிடிக்கத்தான் சிஆர்பி.

எந்தப் பெரிய ஆபரேஷனுக்குப் பிறகும் சிஆர்பி ஏறும். திசுவை வெட்டினாலே உடம்பு அதைக் காயமாக எடுத்துக்கொள்ளும், கல்லீரலுக்குச் செய்தி போகும். இரண்டாம் நாள், மூன்றாம் நாளில் உச்சம், பிறகு இறக்கம். உங்கள் அம்மாவுக்கு 118, 204, 171 வரை பாடப் புத்தகம் மாதிரிதான் போயிருக்கிறது. நான்காம் நாள் 120, 130 என்று வந்திருந்தால் டாக்டர் சிரித்துவிட்டுப் போயிருப்பார். 182 என்றால் பதினொன்றுதான் ஏறியிருக்கிறது, அதிலும் வேறு மெஷின், அந்தப் பதினொன்றைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. இறங்க வேண்டிய நாளில் இறங்கவில்லை, அதுதான் விஷயம். கூடவே நாடித்துடிப்பு 108, விக்கல், வாயு பிரியவில்லை. தனித்தனியாக எடுத்தால் ஒன்றுமில்லாதவை. சேர்த்து வைத்தால் நானும் சிடி எடுப்பேன்.

மூன்றாம் ஷிஃப்ட் | செவ்வாய், அதிகாலை 3:40

வார்டு நர்ஸ். டூட்டி இடைவெளியில் எழுதுகிறேன்.

டாக்டர் சொன்னதோடு ஒன்று. காய்ச்சல் இல்லை என்று நிம்மதி அடையாதீர்கள். அம்மாவுக்கு ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பாரசிட்டமால் போகிறதா? அது காய்ச்சலை மறைக்கும். முதுகில் மெல்லிய குழாய் வைத்து வலி மருந்து போகிறதா? அது வயிற்று வலியை மறைக்கும். மறைக்க முடியாதது மூச்சு. நான் மானிட்டரை விட்டுவிட்டு நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுதாக எண்ணுவேன். நேற்று 16 இருந்தவர் இன்று 24 மூச்சு விட்டால் எந்த ரிப்போர்ட்டுக்கும் காத்திருக்காமல் டாக்டரை எழுப்புவேன்.

நோயாளி சம்பந்தமில்லாமல் பேசுவது, நேற்று எழுந்து உட்கார்ந்தவர் இன்று "வேண்டாம், படுத்துக்கொள்கிறேன்" என்பது, இதெல்லாமும்தான். அப்புறம் ஒன்று, இதைச் சொல்லப் பலர் கூச்சப்படுவார்கள். கர்ப்பப்பையை எடுத்தவர்களுக்குப் பிறப்புறுப்பின் மேல்முனையில் ஒரு தையல் இருக்கும். குடலை இணைத்த இடம் அதற்கு நேர் பின்னால். அங்கே லீக் ஆனால் சில சமயம் ட்ரெயினில் (வயிற்றில் வைத்த வடிகுழாயில்) வராமல் கீழே பேடில் சீழ் மாதிரியோ மலவாடையோடோ வரும். அம்மா உங்களிடம்கூட வெட்கப்பட்டு மறைக்கலாம். நீங்களாகக் கேளுங்கள். அடிக்கடி மலம் வருவது போல முட்டுகிறதா, வந்தால் கொஞ்சம் சளி மட்டும் வருகிறதா என்றும் கேளுங்கள்.

மூத்தவள் | செவ்வாய், காலை 6:15

இரவு முழுக்க மூச்சு எண்ணினேன். 20, 22. பேடில் ஒன்றும் இல்லை. கேட்டேன், முதலில் திட்டினார், பிறகு சொன்னார். ஒன்பது மணிக்கு சிடி. நன்றி அக்கா, நன்றி டாக்டர்.

எனக்கு ஒரு சந்தேகம். வெள்ளணு 9,800 என்று நார்மலாக இருக்கிறதே. தொற்று என்றால் அது ஏற வேண்டாமா?

தையல்காரன் | செவ்வாய், காலை 7:02

ஏறலாம், ஏறாமலும் போகலாம். இந்த நோயாளிகளிடம் வெள்ளணு எண்ணிக்கையை நான் பாதிதான் நம்புவேன். மூன்று சுற்று கீமோவுக்குப் பிறகு எலும்பு மஜ்ஜை களைத்துப் போயிருக்கும், தொற்று வந்தாலும் எண்ணிக்கையை உயர்த்த அதற்குத் தெம்பு இல்லாமல் இருக்கலாம். எதிர்ப்பக்கம், வாந்தி வராமலிருக்க ஆபரேஷன் மேசையில் டெக்ஸாமெத்தசோன் ஒரு டோஸ் போட்டாலே எண்ணிக்கை ஏறும். மண்ணீரலையும் சேர்த்து எடுத்தவர்களுக்கு வெள்ளணு, தட்டணு இரண்டுமே தொற்று இல்லாமலே எகிறும். வெள்ளணு திடீரென்று 2,000, 3,000 என்று விழுந்தால் மட்டும் நான் உடனே ஓடுவேன். கடும் தொற்றில் அப்படி விழுவதுண்டு.

சராசரி | செவ்வாய், காலை 8:20

மருத்துவப் புள்ளியியல் பார்ப்பவன். கட்-ஆஃப் எண்களைப் பற்றிக் கொஞ்சம் வாதாட வேண்டும். வலையில் தேடினால் "நான்காம் நாள் 124-க்கு மேல் போனால் ஆபத்து" என்று கண்ணில் படும். மூத்தவளும் இன்று அதைத் தேடிப் படித்துப் பதறியிருப்பார் என்று நினைக்கிறேன்.

அந்த எண் 2014-இல் வந்த ஒரு தொகுப்பாய்விலிருந்து வருகிறது. 7 ஆய்வுகள், 2,483 நோயாளிகள். மூன்றாம் நாள் 172, நான்காம் நாள் 124, ஐந்தாம் நாள் 144. அதற்குக் கீழே இருந்தால் லீக் இல்லை என்று 97 சதவீதம் சொல்லலாம். மேலே இருந்தால் உண்மையிலேயே லீக் இருப்பவர்கள் ஐந்தில் ஒருவர் சொச்சம்தான். மீதி நான்கு பேரின் சிஆர்பி வேறு காரணத்தால் ஏறியது.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன், எண்கள் நானாக வைத்தவை. 100 பேருக்குக் குடல் இணைக்கிறோம், 5 பேருக்கு லீக். நம் சோதனை அந்த ஐந்தில் நான்கைப் பிடிக்கிறது, லீக் இல்லாதவர்களில் நான்கில் ஒருவரை வீணாகப் பயமுறுத்துகிறது. ஆக 4 பேர் சரியாக, 24 பேர் வீணாக. மொத்தம் 28 பேர் சிடிக்குப் போகிறார்கள், அதில் 4 பேருக்குத்தான் லீக். மீதி 72 பேரில் ஒருவருக்கு மட்டும் தவறிவிட்டது. "98 சதவீதத்துக்கு மேல் நம்பகம்" என்று அழகாகச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் சோதனையே செய்யாமல் கண்ணை மூடிக்கொண்டு எல்லோருக்கும் லீக் இல்லை என்று சொல்லியிருந்தாலும் 95 சதவீதம் சரியாக இருந்திருக்கும்! லீக் அரிதாக இருக்கும் இடத்தில் இந்த 97, 98 எல்லாம் கேட்பதற்குத்தான் பெரிசு.

லேப்வாசி | செவ்வாய், காலை 8:41

சராசரி சார், எனக்கு ரொம்ப நாள் குறுகுறுப்பு. நான்காம் நாள் 124, ஐந்தாம் நாள் 144. நாள் போகப் போக எல்லை இறங்கத்தானே வேண்டும், ஏன் ஏறுகிறது?

சராசரி | செவ்வாய், காலை 8:55

சரியான கேள்வி. அது உடம்பின் விதி அல்ல, ஆய்வுகளின் கோளாறு. ஒவ்வொரு நாளுக்கும் வெவ்வேறு ஆய்வுகள், வெவ்வேறு நோயாளிகள். ஒவ்வொன்றும் தன் கையிலிருந்த தரவுக்கு எது பொருந்தியதோ அதை எல்லையாக எடுத்துக்கொண்டது, பிறகு எல்லாவற்றையும் சேர்த்து ஒரு எண் செய்தார்கள். அதனால்தான் 124-க்கும் 130-க்கும் நடுவே கோடு கிழித்து அழ வேண்டாம் என்கிறேன்.

இன்னொன்று, அவை எல்லாம் பெருங்குடல், மலக்குடல் அறுவை சிகிச்சை செய்தவர்களின் எண்கள். சினைப்பைப் புற்றுநோய்க்கு அதை அப்படியே தூக்கி வைக்கலாமா?

தையல்காரன் | செவ்வாய், காலை 10:30

வைக்க முடியாது. இதைப் பற்றி நானே தனிப் பதிவு எழுத நினைத்திருந்தேன்.

குடல் புற்றுநோய்க்காரருக்குப் பெரும்பாலும் ஒரே இடத்தில் வேலை. எங்கள் நோயாளிக்கு இடுப்புக் குழி முதல் உதரவிதானம் வரை சவ்வை உரித்து எடுக்கிறோம். காயத்தின் பரப்பே வேறு. லீக் எதுவும் இல்லாமலே சிஆர்பி 200, 250 தொடுவதைப் பார்த்திருக்கிறேன். அதோடு வயிற்றில் லிட்டர் கணக்கில் நீர் கோத்து வருபவர்களுக்கு ஆபரேஷனுக்கு முன்பே சிஆர்பி 60, 80 என்று இருக்கும். எங்கிருந்து புறப்பட்டார் என்று தெரியாமல் எவ்வளவு ஏறினார் என்று எப்படிச் சொல்வது? நான் ஆபரேஷனுக்கு முதல் நாள் ஒரு சிஆர்பி எடுத்து வைத்துக்கொள்வேன். எல்லோரும் செய்வதில்லை, செய்ய வேண்டும் என்பது என் கட்சி.

இதனால் சிலர் "எங்கள் துறைக்கு சிஆர்பி உதவாது" என்று ஒதுக்குகிறார்கள். அதையும் ஏற்க மாட்டேன். ஒற்றை எண் உதவாது, போகும் திசை உதவும். குடல் அறுவையிலேயே பிரெடிக்ட் என்ற ஆய்வு இந்தத் திசையைத்தான் பார்த்தது. இரண்டு நாட்களுக்கு நடுவே 50-க்கு மேல் ஏறினால் லீக்கைத் தேடு என்றது. எனக்கு அந்த வழி பிடிக்கும், புறப்பட்ட இடம் எதுவானாலும் பொருந்தும். மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை இறங்கிக்கொண்டே வருகிறவரை நிம்மதியாக வீட்டுக்கு அனுப்புவேன். அந்த நிம்மதிக்காகத்தான் இந்தச் சோதனையே. ஏறினால் அது பதில் அல்ல, "போய்ப் பார்" என்ற உத்தரவு. நுரையீரலா, சிறுநீரா, தையல் காயமா, கையில் ஊசி போட்ட இடமா, குடலா என்று தேட வேண்டும்.

ஆல்புமின் என்ற ரத்தப் புரதத்தையும் பாருங்கள். அது லீக்கைக் கண்டுபிடிக்க அல்ல. யாருக்கு வர வாய்ப்பு அதிகம் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள. ஆபரேஷனுக்கு முன் டெசிலிட்டருக்கு 3 கிராமுக்குக் கீழே இருந்தால், அதுவும் இரண்டு இடத்தில் குடல் இணைத்தால், மலவாய்க்கு மிக அருகே இணைத்தால், என் கவனம் இரட்டிப்பாகும். ஆபரேஷனுக்குப் பிறகு ஆல்புமின் எல்லோருக்கும் விழும், ரத்தக் குழாயிலிருந்து கசிந்து வெளியேறும். அதைப் பார்த்து வீட்டார் கலங்க வேண்டியதில்லை.

இடப்பக்கம் | செவ்வாய், மதியம் 12:10

நான் லீக் ஆனவள். நோயாளியின் பக்கத்திலிருந்தும் ஒன்று இருக்கட்டும் என்று எழுதுகிறேன். மூத்தவள், இது உங்கள் அம்மாவின் கதை அல்ல, பயப்படாமல் படியுங்கள்.

எனக்கும் இதே ஆபரேஷன், ஆறு வருடம் முன்பு. மூன்றாம் நாள் 160, நான்காம் நாள் 228. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. இடது தோளில் மட்டும் ஒரு குடைச்சல், படுக்கை சரியில்லை என்று நினைத்தேன். அப்புறம் காரணமே இல்லாமல் ஒரு பயம், ஏதோ நடக்கப் போகிறது என்று. அதை நர்ஸிடம் சொன்னேன், அந்தப் பெண் சிரிக்காமல் எழுதிக்கொண்டாள். நான்காம் நாள் எடுத்த சிடியில் "காற்று இருக்கிறது, ஆனால் வயிற்றைத் திறந்தால் சில நாள் காற்று இருக்கத்தான் செய்யும்" என்று முடித்துவிட்டார்கள். ஐந்தாம் நாள் சிஆர்பி 291. டாக்டர் அன்று இரவே மறுபடி திறந்தார். இணைத்த இடத்தில் சுண்டுவிரல் நுனி அளவு ஓட்டை. இணைப்பை எடுத்துவிட்டு மலம் ஒரு பையில் இறங்கும்படி மேல்முனையை இடப்பக்கம் வயிற்றில் வாய் வைத்தார்கள். பை இன்னும் இருக்கிறது, நானும் இருக்கிறேன்.

முதல் சிடி சரியாக இருந்தது என்று அவர் விட்டிருந்தால் இதை எழுத ஆள் இல்லை. அவர் பிற்பாடு சொன்னார், "ஸ்கேன் இல்லை என்றது, உங்கள் ரத்தம் ஆம் என்றது, உங்கள் முகமும் ஆம் என்றது. இரண்டுக்கு ஒன்று."

மூத்தவள் | செவ்வாய், மதியம் 1:35

சிடி முடிந்தது. ஆசனவாய் வழியாகவும் சாயம் விட்டுப் பார்த்தார்களாம். குடல் இணைப்பிலிருந்து சாயம் வெளியே வரவில்லை. இடுப்புக் குழியில் சீழ்க்கட்டி இல்லை. ஆனால் வலது நுரையீரலைச் சுற்றி நிறைய நீர், நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கித் தொற்று பிடித்திருக்கிறது. உதரவிதானத்துச் சவ்வை உரித்த பக்கம். நீரை எடுக்க மார்பில் மெல்லிய குழாய் வைக்கப் போகிறார்கள், ஆன்டிபயாட்டிக் மாற்றியிருக்கிறார்கள்.

இன்று காலை சிஆர்பி 188, லிட்டருக்கு. அலகை மூன்று முறை படித்தேன்.

இடப்பக்கம் அக்கா, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். ஒரு சிடி நன்றாக இருந்தால் அதோடு விட்டுவிடக் கூடாது என்று புரிகிறது.

தையல்காரன் | செவ்வாய், பிற்பகல் 3:05

நல்ல செய்தி. விக்கலுக்கும் வேகமான மூச்சுக்கும் விளக்கம் கிடைத்துவிட்டது, உதரவிதானம் எரிச்சல்பட்டால் விக்கல் வரும். இனி பார்க்க வேண்டியது, நீரை வடித்து மருந்து மாற்றிய பிறகு 24 முதல் 48 மணி நேரத்தில் சிஆர்பி திரும்புகிறதா என்பதுதான். திரும்பினால் நுரையீரல்தான் காரணம். திரும்பாமல் முரண்டு பிடித்தால் வயிற்றை மறுபடி பார்ப்பார்கள், இரண்டாவது சிடி என்றாலும் மறுக்காதீர்கள். வயிற்று ட்ரெயினில் வரும் நீரையும் சோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அதில் கிரியாட்டினின் (சிறுநீரில் வெளியேறும் கழிவு) ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு இருந்தால் சிறுநீர்க் குழாய் கசிகிறது என்று அர்த்தம். அதுவும் இந்த ஆபரேஷனில் நடக்கக்கூடியது, வயிறு உப்பி ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறி, கிட்னி கெட்டுவிட்டது போல ஏமாற்றும்.

அவசரக்காரன் | செவ்வாய், மாலை 6:20

ஒரு கேள்வி, இம்முறை அறிவுரை இல்லை. புரோகால்சிடோனின் என்று ஒரு ரத்தச் சோதனை சொல்கிறார்களே, அது சிஆர்பியைவிட மேலா?

லேப்வாசி | செவ்வாய், மாலை 7:45

சில விதத்தில். திசுக் காயத்துக்குச் சிஆர்பி அளவுக்கு ஆடாது, பாக்டீரியா தொற்றுக்குத்தான் அதிகம் ஏறும். சீக்கிரம் ஏறும், சில மணி நேரத்திலேயே. பாதியாக ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். குடல் அறுவையில் மூன்றாம், ஐந்தாம் நாட்களில் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் "லீக் இல்லை" என்று இன்னும் திடமாகச் சொல்லலாம் என்று வந்திருக்கிறது. ஆனால் செலவு அதிகம், எல்லா இடத்திலும் ராத்திரியில் கிடைக்காது, கிட்னி பலவீனமானவர்களுக்குத் தொற்று இல்லாமலே கொஞ்சம் உயர்ந்திருக்கும். பெரிய ஆபரேஷன் என்றால் முதல் இரண்டு நாள் இதுவும் ஏறித்தான் இருக்கும்.

சிஆர்பியும் பொய் சொல்லும். கல்லீரல் மிகவும் பழுதானவர்களுக்கு ஏற வேண்டிய அளவு ஏறாது. மூட்டுவாதத்துக்கு டோசிலிசுமாப் போட்டவர்களுக்குத் தொற்று இருக்கும்போதே சிஆர்பி படுத்துக் கிடக்கும், ஏனென்றால் சிஆர்பி செய்யச் சொல்லும் செய்தியையே அந்த மருந்து அறுத்துவிடுகிறது. அப்படி ஏதாவது எடுப்பவர் என்றால் ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

சினைப்பைப் புற்றுநோயைக் கண்காணிக்க எடுக்கும் சிஏ 125 ரத்தச் சோதனை பற்றியும் ஒரு வார்த்தை, யாராவது கேட்பதற்கு முன். வயிற்றுச் சவ்வைத் தொட்டாலே அது ஏறும். ஆபரேஷன் முடிந்த முதல் வாரத்தில் எடுத்துவிட்டு "கட்டி திரும்பிவிட்டது" என்று அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். எடுக்கவே வேண்டாம்.

புதியவள் 22 | செவ்வாய், இரவு 9:10

இடையில் நுழைகிறேன், மன்னிக்கவும். எனக்குக் கர்ப்பப்பை உள்வரிச் சவ்வில் ஆரம்பக் கட்டப் புற்றுநோய். சாவித்துளை முறையில் கர்ப்பப்பையை எடுத்து மூன்றாம் நாள், வீட்டில் இருக்கிறேன். குடலைத் தொடவே இல்லை. எனக்கும் இந்த டெஸ்ட் எல்லாம் வேண்டுமா?

தையல்காரன் | செவ்வாய், இரவு 9:48

வழக்கமாக வேண்டாம். ஆனால் ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். சாவித்துளை அறுவைக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் நேற்றைவிடத் தேவலை என்று இருக்க வேண்டும். நேற்றைவிட மோசம் என்றால் உடனே போங்கள், காய்ச்சல் இல்லாவிட்டாலும். தெரியாமல் குடலில் பட்ட காயம் இம்முறையில் விசித்திரமாகக் காட்டும். ஒரு துளையில் மட்டும் மற்றவற்றைவிட அதிக வலி, வயிறு உப்பல், சில சமயம் வயிற்றுப்போக்கு. வெள்ளணு ஏறுவதற்குப் பதில் இறங்கலாம். மின்சூட்டால் பட்ட காயம் என்றால் சில நாள் கழித்துத்தான் ஓட்டையாகும். அப்படி வருகிறவர்களுக்கு நான் சிஆர்பி பார்ப்பேன், சாவித்துளை முறையில் உச்சமே தாழ்வாக இருக்கும் என்பதால் 150 என்றாலே அங்கே எனக்கு உறுத்தும்.

புதியவள் 22 | செவ்வாய், இரவு 9:55

இன்று நேற்றைவிடத் தேவலைதான். நன்றி.

சராசரி | புதன், காலை 9:30

தையல்காரன் சாருடன் ஒரு சின்னச் சண்டை பாக்கி. தினமும் எடுப்பது தேவையா? பத்து நாள் பத்து முறை எடுத்தால் எப்போதாவது ஒரு நாள் வீணாக ஏறித்தான் காட்டும், அதன் பின்னால் ஒரு வீண் சிடி.

தையல்காரன் | புதன், மதியம் 2:15

தினமும் வேண்டாம், ஒப்புக்கொள்கிறேன். குடலை இணைத்தவர்களுக்கு மட்டும் மூன்று, நான்கு, ஐந்து. முதல் இரண்டு நாளில் எடுப்பது எதற்கும் உதவாது, எல்லோருக்கும் ஏறியிருக்கும். ஏழாம் நாளுக்குப் பிறகு அறிகுறி இருந்தால்தான். ஆனால் ஒரு வீண் சிடிக்கும் இரண்டு நாள் தாமதமாகக் கண்டுபிடித்த லீக்குக்கும் நடுவே எதைத் தேர்ந்தெடுப்பேன் என்று கேட்டால், என் பதில் உங்களுக்குத் தெரியும். உங்கள் நூறு பேரில் தவறிப்போன அந்த ஒருவரை நான் ஐசியுவில் பார்த்திருக்கிறேன்.

சராசரி | புதன், மதியம் 2:40

சரி, மூன்று, நான்கு, ஐந்து என்றால் எனக்குச் சம்மதம்.

மூத்தவள் | ஞாயிறு, மாலை 5:30

பத்தாம் நாள். மார்பில் வைத்த குழாயில் முதல் நாளே 900 மில்லி வந்தது. சிஆர்பி புதன் 149, வியாழன் 104, வெள்ளி 66. வெள்ளிக்குப் பிறகு எடுக்கவில்லை, வேண்டாம் என்றுவிட்டார்கள். புதன் இரவு வாயு பிரிந்தது. அம்மா அதை வார்டு முழுக்கக் கேட்கும்படி அறிவித்தார். வெள்ளிக்கிழமை மோஷன் போனார், திட உணவு ஆரம்பித்தாயிற்று. நாளை வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

டாக்டரிடம் கேட்டேன். அவர் அன்று சிடி கேட்டதே 182-ஐயும் மூச்சையும் பார்த்துத்தானாம். நான் அந்த 18.2 கதையைச் சொன்னேன். வெளி லேபுக்குப் போன் செய்து இனி லிட்டர் கணக்கில் அனுப்பச் சொல்லியிருக்கிறார்.

கடைசியாக இரண்டு கேள்வி. வீட்டில் சிஆர்பி எடுக்க வேண்டுமா? அடுத்த கீமோ எப்போது?

தையல்காரன் | ஞாயிறு, இரவு 8:05

வீட்டில் எடுக்க வேண்டாம். காய்ச்சல், புதிதாக வயிற்று வலி, வாந்தி, பேடில் வாடையுள்ள கசிவு, இதில் எது வந்தாலும் சோதனைக்கூடத்துக்குப் போகாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். லீக் சில சமயம் வீட்டுக்குப் போன பிறகும் வருவதுண்டு. கீமோ பொதுவாக நான்கு முதல் ஆறு வாரத்துக்குள் தொடங்கப் பார்ப்போம், காயம் ஆறி, சாப்பாடு இறங்கி, நுரையீரல் விரிந்திருக்க வேண்டும். அதோடு பெவாசிசுமாப் என்ற மருந்தும் கொடுக்கத் திட்டம் இருந்தால், குடலை இணைத்தது அந்தக் கீமோ டாக்டருக்குத் தெரியுமா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். ஆபரேஷன் முடிந்து குறைந்தது 28 நாள் ஆகி, காயம் முழுதும் ஆறாமல் அதைக் கொடுக்கக் கூடாது. அந்த மருந்துக்குக் குடலில் ஓட்டை போடும் குணம் கொஞ்சம் உண்டு.

மூத்தவள் | ஞாயிறு, இரவு 8:20

கேட்கிறேன் டாக்டர். டிஸ்சார்ஜ் தாளில் குடல் இணைத்தது ஒரு வரியில் இருக்கிறது, அதை நாளை பெரிதாக எழுதித் தரச் சொல்கிறேன்.